டெக்சாஸ் சிற்றூரில் ஹோம்கமிங் வாரம்: புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்கு ஒரு பதில்

கேள்வி இது: "கணவருக்கு மேற்கு டெக்சாஸில் ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் வேலை. ஆகஸ்டில்தான் குடிவந்தோம். மகள் ஒன்பதாம் வகுப்பு. செப்டம்பர் கடைசி வாரம் ஹோம்கமிங் என்கிறாள். தினம் ஒரு வேஷம், 'மம்' என்று ஏதோ ஒரு பூ, வெள்ளிக்கிழமை ஃபுட்பால், சனிக்கிழமை டான்ஸ். நவராத்திரியும் அதே வாரம் வருகிறது. எதற்கு அனுப்புவது, எதற்கு வேண்டாம் என்பது? எவ்வளவு செலவாகும்? பெற்றோரும் போகவேண்டுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டாயம் போங்கள். மகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வீடு திரும்பாதீர்கள். வேடிக்கை பார்க்கவும் போகாதீர்கள், வேலை செய்யப் போங்கள். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான். மற்றதெல்லாம் விவரம்.

நாங்களும் உங்களைப் போலவே மருத்துவமனை வேலையாகத்தான் இப்படி ஓர் ஊருக்கு வந்தோம். ஜே-1 விசாவில் பயிற்சி முடித்த வெளிநாட்டு மருத்துவர்கள் இரண்டு ஆண்டு சொந்த நாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்பது விதி. அதிலிருந்து விலக்கு வேண்டுமானால் மருத்துவர் போதாத பகுதியில் 3 ஆண்டு வேலை செய்ய வேண்டும். செனட்டர் கென்ட் கான்ராட் 1994-இல் கொண்டுவந்த திட்டம், இப்போது ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 30 பேர். இந்தச் சின்ன ஊர்களில் தமிழ்க் குடும்பம் ஒன்றோ இரண்டோ இருக்கிறதென்றால் பெரும்பாலும் இந்த வழியாக வந்திருக்கும். 3 ஆண்டு முடிந்ததும் டாலஸுக்கோ ஹூஸ்டனுக்கோ நகர்ந்துவிடுகிறவர்கள் நிறைய. அது ஊர்க்காரர்களுக்கும் தெரியும். அன்பாகத்தான் பழகுவார்கள், வீட்டு வாசலில் 'பெக்கான் பை' என்ற இனிப்புப் பண்டம் கொண்டுவந்து வைப்பார்கள். ஆனாலும் "இவர்கள் இருப்பார்களா, போய்விடுவார்களா" என்ற எண்ணம் அவர்களுக்குள் ஓடிக்கொண்டேயிருக்கும். ஹோம்கமிங் வாரம் அதற்குப் பதில் சொல்லக் கிடைக்கிற முதல் வாய்ப்பு.

வெளியிலிருந்து பார்த்தால் இது ஏதோ பள்ளி ஆண்டுவிழா மாதிரி தெரியும். அப்படி அல்ல. நம் பக்கம் தேர் ஓடும் நாளுக்குச் சென்னை, பம்பாய் என்று போனவர்களெல்லாம் ஊர் திரும்புவார்களே, அந்த வகையைச் சேர்ந்தது இது. பள்ளியை விட்டுப்போன பழைய மாணவர்கள் வருஷத்தில் ஒரு நாள் திரும்பி வருவதற்காகவே ஏற்பட்டது. இதைத் தொடங்கியவை பல்கலைக்கழகங்கள். மிசௌரி பல்கலைக்கழகத்துக்கும் கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குமான ஃபுட்பால் ஆட்டம் (நம் ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) அதுவரை பொதுவாகக் கான்சாஸ் சிட்டியில் நடந்துகொண்டிருந்தது. இனிமேல் கல்லூரி வளாகத்திலேயே ஆட வேண்டும் என்று விதி வந்ததும், மிசௌரியின் விளையாட்டுத் துறைத் தலைவர் செஸ்டர் புரூவர், பல்கலைக்கழகம் இருக்கும் ஊரைச் சொல்லி "கொலம்பியாவுக்குத் திரும்பி வாருங்கள்" என்று பழைய மாணவர்களை அழைத்தார். 1911 நவம்பரில் 9,000 பேருக்கு மேல் திரண்டார்கள், ஆட்டம் 3-3 என்று சமனில் முடிந்தது. மிசௌரிதான் முதல் என்றால் எங்கள் டெக்சாஸ்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வேக்கோ நகரின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 1909-லேயே ஊர்வலத்தோடும் ஆட்டத்தோடும் இது நடந்திருக்கிறது. இல்லினாய் பல்கலைக்கழகம் 1910 என்று தன் கணக்கைச் சொல்லும். யார் முதல் என்ற வழக்கு எப்படிப் போனாலும், பின்னால் பள்ளிகள் இதை எடுத்துக்கொண்டு தங்களுடையதாக்கிக்கொண்டன.

பள்ளி ஆட்டம் ஏன் எப்போதும் வெள்ளிக்கிழமை இரவு என்று மகள் கேட்டால் சொல்லலாம்: அதற்கு ஒரு கூட்டாட்சிச் சட்டமே காவல் இருக்கிறது. 1961-இல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், செப்டம்பர் இரண்டாம் வெள்ளியிலிருந்து டிசம்பர் இரண்டாம் சனி வரை வெள்ளி மாலை 6 மணிக்கு மேல் தொழில்முறை ஆட்டங்களை ஒளிபரப்புவதற்குக் கடிவாளம் போடுகிறது. பெரிய ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு ஜனங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டால் சின்ன ஊர் மைதானம் காலியாகிவிடும் என்பதுதான் காரணம்.

இனி வாரத்துக்கு வருகிறேன். திங்கள் முதல் வியாழன் வரை தினம் ஒரு வேஷம். பைஜாமாவில் வரும் நாள், இரட்டையர் போல உடுத்தும் நாள், பழைய பத்தாண்டு ஒன்றின் உடையில் வரும் நாள், பூட்ஸும் தொப்பியுமாக வரும் நாள். பட்டியல் பள்ளியிலிருந்து வரும். இதற்கென்று எதையும் புதிதாக வாங்காதீர்கள், வீட்டில் இருப்பதை வைத்தே ஒப்பேற்றலாம். ஆனால் வெள்ளிக்கிழமை பள்ளி நிறம் மட்டும் தவறக் கூடாது. பூஸ்டர் கிளப், அதாவது பள்ளி அணிகளுக்கு ஆதரவாகப் பெற்றோர் நடத்தும் சங்கம், விற்கும் டி-ஷர்ட் வீட்டில் ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள், உங்களுக்கும் சேர்த்து. அந்தப் பணம் பிள்ளைகளின் பேருந்துச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும்தான் போகிறது. புதன் இரவு நிகழ்ச்சி எதுவும் வைக்க மாட்டார்கள், அது சர்ச்சுக்குப் போகும் இரவு.

மம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டெக்சாஸுக்குப் புதிதாக வரும் பெற்றோர் மலைப்பது இங்கேதான். ஆரம்பத்தில் அது நிஜச் செவ்வந்திப் பூ. பையன் பெண்ணுக்குக் கொடுப்பான், அவள் சட்டையில் குத்திக்கொள்வாள். நாளடைவில் நிஜப் பூ போய்த் துணிப் பூ வந்தது. அது வாடாது என்பதால் அளவுக்கு எல்லை இல்லாமல் போயிற்று. இப்போது மம் என்றால் வட்ட அட்டை, அதன் நடுவே பெரிய துணிச் செவ்வந்தி, சுற்றிலும் மடித்து ஒட்டிய ரிப்பன், கீழே முழங்கால் வரைக்கும் சில சமயம் தரை வரைக்கும் தொங்கும் ரிப்பன் வால்கள். ஒரு வாலில் பெண்ணின் பெயர், இன்னொன்றில் கொடுத்தவர் பெயர், மினுமினுக்கும் ஒட்டெழுத்தில். நடுநடுவே பின்னல்கள். அந்தப் பின்னல்களுக்கு வகைவகையாகப் பெயர் உண்டு, அதில் கைதேர்ந்த அம்மாக்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அவற்றில் குட்டிக் குட்டி மணிகள், பிளாஸ்டிக் ஃபுட்பால், பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் இருந்தால் ஒரு சின்னக் கிளாரினெட், பூவின் நடுவில் ஒரு கரடிப் பொம்மை. பாட்டரியில் எரியும் விளக்கும் உண்டு. இந்தக் கனத்தைச் சட்டைத் துணி தாங்காது, ஊசி குத்தினால் கிழிந்துவிடும். அதனால் கழுத்தில் பட்டி போட்டு மாட்டுவார்கள். பையன்களுக்கு இதே வேலைப்பாட்டில் சின்னதாக ஒன்று, மேல்கையில் மாட்டுவது, அதற்குப் பெயர் கார்ட்டர். பள்ளி நிறத்தில்தான் பெரும்பாலும் செய்வார்கள். பல பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்புக்கு மட்டும் வெள்ளையும் வெள்ளியும். அதனால் மகளுக்கு ஆசையாக இருந்தாலும் வெள்ளை எடுக்காதீர்கள். அது கடைசி வருஷத்துக்கு உரிய மரியாதை.

வெள்ளிக்கிழமை காலை அந்தப் பள்ளி வராந்தாவில் நின்றிருக்கிறேன். பெண்கள் நடக்க நடக்க மணிச் சத்தம், திரும்பினால் ரிப்பன் பக்கத்தில் நிற்பவள் மேல் படும். ஒருத்தி உட்காருவதற்கு இன்னொருத்தி வாலைத் தூக்கிப் பிடிப்பாள். மாட்டிக்கொண்டு அன்று முழுக்க இருப்பார்கள், இரவு ஆட்டத்துக்கும் அதோடுதான் வருவார்கள். பிறகு படுக்கையறைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். நாலு வருஷ மம்மும் வரிசையாகத் தொங்கும் அறைகளை இங்கே நிறையப் பார்க்கலாம்.

விலை, சின்னதாகச் சில பத்து டாலரில் தொடங்கிப் பல நூறு டாலர் வரை போகும். கடையில் சொல்லிச் செய்ய வேண்டுமானால் செப்டம்பர் தொடக்கத்திலேயே ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். என் யோசனை, வீட்டிலேயே செய்யுங்கள். கைவினைப் பொருள் கடைகளில் ஆகஸ்டிலேயே இதற்கென்று தனி வரிசை போட்டுவிடுவார்கள். அட்டை, பூ, ரிப்பன், எழுத்து, மணி எல்லாம் உதிரியாகக் கிடைக்கும். சூடான பசை விடும் க்ளூ கன் ஒன்று வேண்டும். ஒற்றைப் பூ போதும், ஒன்பதாம் வகுப்புக்கு அதற்கு மேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை. "மம் செய்யத் தெரியாது, சொல்லித் தருவீர்களா" என்று மகளின் தோழியின் அம்மா ஒருவரிடம் கேளுங்கள். சனிக்கிழமை அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து ரிப்பன் வெட்டுவீர்கள். ஆசிரியர் யார் எப்படி, எந்த முனையில் வேகத் தடுப்பு போலீஸ் நிற்பார், யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எல்லாம் அந்த மேஜையில் தெரிந்துவிடும்.

பையன் யாரும் மம் கொடுக்கவில்லையே என்று மகள் வாடக் கூடாது. தோழிகள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது சகஜம். அப்பா அம்மா செய்து கொடுப்பதும் சகஜம். வாலில் 'அம்மா அப்பா' என்று ஒட்டிய மம்கள் எத்தனையோ. மாறாக ஒரு பையன் போஸ்டர் அட்டையில் ஏதாவது எழுதிக்கொண்டு வாசலில் வந்து நின்று, "என்னோடு ஹோம்கமிங் வருகிறாயா" என்று கேட்டால் பதற வேண்டாம். அது ஒரு மாலைக்கான அழைப்பு, அதற்கு மேல் பொருள் ஏற்றத் தேவையில்லை. பெரும்பாலும் கூடப் படிக்கும், கூட பேண்டில் வாசிக்கும் பையனாகத்தான் இருப்பான். மகளிடம் கேளுங்கள், அவனுடைய அம்மாவுக்கு ஒரு போன் செய்யுங்கள். சின்ன ஊரில் அந்த போனை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படிப்பு கெட்டுவிடுமோ என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு. இதில் டெக்சாஸ் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. 1984-இல் தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழுவின் பரிந்துரையின் பேரில் கல்விச் சீர்திருத்தச் சட்டம் ஒன்று வந்தது. தேறவில்லையென்றால் ஆட்டம் இல்லை என்பது அதில் ஒரு பிரிவு. மதிப்பெண் காலத்தின் முடிவில் ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது 3 வாரம் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. ஃபுட்பாலுக்கு மட்டுமல்ல, பேண்டுக்கும், மைதான ஓரத்தில் அணியை உற்சாகப்படுத்தும் சியர்லீடருக்கும் இதே கதிதான். முதல் ஆறு வாரக் கணக்கு முடிவதும் ஹோம்கமிங்கும் பல பள்ளிகளில் பக்கத்தில் பக்கத்தில் வரும். அந்த வாரங்களில் அல்ஜீப்ரா ஆசிரியர் அறையில் பள்ளி விட்ட பின்னும் தடித்தடியாக ஆட்டக்காரப் பையன்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மனம் நிறையும்.

ஊர்வலத்துக்கான வண்டி அலங்காரம்தான் நீங்கள் கட்டாயம் போகவேண்டிய இடம். ஒவ்வொரு வகுப்பும் ஒரு டிரெய்லரை அலங்கரிக்கும். யாராவது ஒரு விவசாயியின் கொட்டகையில் நாலைந்து இரவு வேலை நடக்கும். மரச்சட்டத்தில் கோழிக்கூண்டுக் கம்பிவலையை அடித்து, வலையின் ஒவ்வொரு கண்ணிலும் சதுரமாக வெட்டிய டிஷ்யூ தாளைச் செருக வேண்டும். ஆயிரக்கணக்கில் செருகினால்தான் எதிரணியின் சின்னத்தை நம் சின்னம் விரட்டுகிற உருவம் கிடைக்கும். எங்கள் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்திருந்த வருஷம் அவரையும் அழைத்துப் போனேன். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தாளை விரலால் கசக்கித் திணிப்பதையும் அது கழன்று விழுவதையும் பார்த்துவிட்டு, "இப்படிக் கொடுடி" என்று வாங்கினார். நடுவில் ஒரு மடிப்பு, கட்டைவிரலால் ஒரு முறுக்கு, வலைக்குள் விட்டுப் பின்னாலிருந்து ஓர் இழுப்பு. நாற்பது வருஷம் கதம்பம் கட்டிய கை. ஒன்று கூட விழவில்லை. கொஞ்ச நேரத்தில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் அவரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது, வேலை மட்டும் மளமளவென்று ஓடியது. அந்தக் கொட்டகைக்குச் சொந்தக்காரரின் மனைவிக்கு எழுபது வயதுக்கு மேல். அதே பள்ளியில் படித்தவர். இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்து, ஒருவர் தாள் வெட்ட மற்றவர் மடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மளிகைக்கடையில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் "அம்மா சௌக்கியமா" என்றுதான் பேச்சைத் தொடங்கினார்கள்.

வியாழன் இரவு சில ஊர்களில் தீமூட்டம் உண்டு. பெண்கள் ஃபுட்பால் ஆடிப் பையன்கள் சியர்லீடராக நிற்கும் விளையாட்டும் சில இடங்களில் நடக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பாடம் நடக்காது. பெப் ராலி, அதாவது ஜிம்மில் முழுப் பள்ளியும் கூடிச் சத்தம் போடும் கூட்டம், பிறகு ஊர்வலம். கடைக் கண்ணாடிகளிலும் கார்க் கண்ணாடிகளிலும் வெள்ளை ஷூ பாலிஷால் ஆட்டக்காரப் பிள்ளைகளின் எண்களை எழுதியிருப்பார்கள். தீயணைப்பு வண்டி முன்னால் போகும். 25, 50 ஆண்டுக்கு முன் படித்து முடித்தவர்கள் தங்கள் ஆண்டை எழுதிய பலகையோடு டிரெய்லரில் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து வருவார்கள். மிட்டாய் வீசுவார்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் பை கொடுத்து அனுப்புங்கள்.

இந்த ஊர்வலத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1960-களின் இறுதி வரைக்கும் டெக்சாஸின் பல ஊர்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, தனி அணி. அந்தப் பள்ளிகளுக்கென்றே பிரெய்ரி வியூ லீக் என்ற தனி அமைப்பு இருந்தது. பின்னாளில் பிட்ஸ்பர்க் தொழில்முறை ஃபுட்பால் அணியில் பெரும்பேர் எடுத்த ஜோ கிரீன் கூட டெம்பிள் ஊரின் டன்பார் பள்ளியில் ஆடிய ஆள். பள்ளிகள் இணைந்தபோது பெரும்பாலும் மூடப்பட்டது அவர்களுடைய கட்டடம். அவர்களுடைய நிறமும் சின்னமும் பாட்டும் அதோடு போயின. அதனால் அந்தப் பழைய மாணவர்கள் பல ஊர்களில் தனியாக ஒரு கூடல் வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒரு பள்ளி இருந்ததா, அது எங்கே நின்றது என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். எந்த ஊருக்கு வந்து வாழ்கிறோம் என்று தெரிந்துகொள்ள இது அவசியம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இரவு ஆட்டம். உட்காரும் இடத்தில் ஜாக்கிரதை. நடுக்கோட்டுக்கு நேரே முதுகு சாய்வுள்ள இருக்கைகள் காலியாகத் தெரிந்தாலும் உட்காராதீர்கள். அவை பருவம் முழுவதற்கும் பதிவு செய்தவை. சில குடும்பங்கள் தாத்தா காலத்திலிருந்து அதே எண்ணை வைத்திருக்கும். பொது டிக்கெட் வாங்கிப் பேண்டுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பல மைதானங்களில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பை மட்டும்தான் விடுவார்கள். அலுமினியப் பலகை இரவில் ஜில்லிடும், ஒரு ஜமக்காளம் கொண்டுபோங்கள்.

ஆட்டம் புரிய இவ்வளவு போதும்: நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி. எதிரணியிடம் பந்து இருக்கும்போது தொண்டை கிழியக் கத்தலாம், நம் பையன்களிடம் இருக்கும்போது அமைதி. யாராவது அடிபட்டுக் கிடந்தால் இரண்டு அணிப் பிள்ளைகளும் ஒரு முழங்காலில் அமர்வார்கள், அத்தனை கூட்டமும் வாய்மூடி இருக்கும். அவன் எழுந்ததும் இரண்டு பக்கமும் கைதட்டும். உங்கள் கணவர் டாக்டர் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். முதல் வருஷமே மைதான ஓரத்தில் நிற்கக் கூப்பிட்டாலும் ஆச்சரியமில்லை.

மேற்கு டெக்சாஸ் என்கிறீர்கள். பள்ளியில் 105 பேருக்குக் குறைவென்றால் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் ஆறு பேர் ஆடும் ஃபுட்பால். பொருளாதார மந்தக் காலத்தில், 1934-இல், பதினொரு பேர் சேராத சின்னப் பள்ளிகளுக்காக நெப்ராஸ்காவில் ஸ்டீபன் எப்ளர் என்ற ஆசிரியர் உருவாக்கியது. மைதானம் 80 கெஜம் நீளம், 40 கெஜம் அகலம். பத்துக்குப் பதில் பதினைந்து கெஜம் போக வேண்டும். ஓட்டம் அதிகம், புள்ளி குவியும். அரை ஆட்டத்துக்குப் பிறகு ஓர் அணி 45 புள்ளி முன்னிலை பெற்றுவிட்டால் ஆட்டம் அங்கேயே முடியும். எனக்குப் பதினொரு பேர் ஆட்டத்தைவிட இது பிடிக்கும், எல்லாப் பையனுக்கும் பந்து கைக்கு வரும்.

இடைவேளை நேரத்தில் இருக்கையை விட்டு எழுந்திருக்காதீர்கள், அன்று இரவின் மையமே அதுதான். பேண்டு நடக்கும், டிரில் டீம் பெண்கள் வரிசையாகக் கால் தூக்கி ஆடுவார்கள். அந்த ஆட்டமுறைக்கு மூலம் கில்கோர் கல்லூரியில் 1940-இல் கஸ்ஸி நெல் டேவிஸ் தொடங்கிய ரேஞ்சரெட்ஸ் அணி. பிறகு ராணிக்கு முடிசூட்டல். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் பிள்ளைகள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள், அப்பாவோ அம்மாவோ கைபிடித்து அழைத்து வர மைதானத்தில் நடந்து வருவார்கள். ஒலிபெருக்கியில் பெற்றோர் பெயரையும் வாசிப்பார்கள். போன வருஷ ராணி வந்து கிரீடம் வைப்பாள். சின்னப் பள்ளியில் ஆள் போதாது என்பதால் ஆட்டக்காரப் பையன் தோள்கவசத்தோடு அப்படியே நின்று டிரம் வாசிப்பான், ராணியாகிறவள் பேண்டு உடுப்பிலேயே நிற்பாள், கிரீடம் வாங்கிய கையோடு ஓடிப்போய் வரிசையில் சேர்ந்துகொள்வாள். பெரிய நகரத்துப் பள்ளியில் இதைப் பார்க்க முடியாது.

வேலை செய்யப் போங்கள் என்றேனே, சுலபமான வழி கன்செஷன் ஸ்டாண்டு, அதாவது தின்பண்டக் கடை. பெற்றோர்தான் நடத்துவார்கள், எப்போதும் ஆள் தட்டுப்பாடு. பெயர் கொடுத்தால் அடுத்த நிமிஷம் ஏப்ரன் கைக்கு வரும். சோளச் சிப்ஸ் பொட்டலத்தைக் கிழித்து அதற்குள்ளேயே மாட்டிறைச்சிச் சில்லி ஊற்றித் தருவது இங்கே பிரசித்தம். நான் சைவம் என்பதால் நாச்சோவும் ஊறுகாய் வெள்ளரியும் பாப்கார்னும் என் பக்கம் என்று அவர்களாகவே பிரித்துக்கொடுத்தார்கள். அடுத்த ஆட்டத்துக்குப் போனபோது சீஸ் பாத்திரத்தின் கைப்பிடியில் பச்சை டேப் சுற்றிய தனிக் கரண்டி ஒன்று தொங்கியது, சில்லியில் படாமல் இருக்க. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பிள்ளைகள் அந்தப் பச்சைக் கரண்டி நாச்சோவைத்தான் கேட்டு வாங்குவார்கள்.

ஜெபம் பற்றியும் நீங்கள் யோசித்திருப்பீர்கள். இதே டெக்சாஸில், கால்வெஸ்டன் பக்கத்துச் சாண்டா ஃபே பள்ளி வழக்கில், ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் மாணவர் நடத்தும் ஜெபம் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஒருவர் தனிப்பட்ட முறையில் மண்டியிட்டு ஜெபிக்கலாம் என்று 2022-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. உங்கள் மகள் எதற்கும் தலைகுனியக் கட்டாயமில்லை, மரியாதையாக நின்றால் போதும். ஆட்டத்துக்குப் பிறகு சர்ச்சு மண்டபத்தில், நாலு கால்பகுதி ஆட்டம் முடிந்த பின் வருவது என்ற பொருளில், 'ஐந்தாம் குவார்ட்டர்' என்று பீட்சாவும் விளையாட்டுமாகப் பிள்ளைகளைக் கூட்டி வைப்பார்கள். எங்கள் பிள்ளைகளை அனுப்பினோம். இரவு பதினொரு மணிக்குச் சாலையில் சுற்றாமல் பெரியவர்கள் கண் முன்னால் இருக்கிறார்களே, எனக்கு அது பெரிய நிம்மதி.

டான்ஸ், நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை. பள்ளி ஜிம்மிலோ சாப்பாட்டுக் கூடத்திலோ நடக்கும், ஆசிரியர்களும் பெற்றோர்களும் காவல் நிற்பார்கள். ஒருமுறை வெளியே போனால் திரும்ப விடாத பள்ளிகள்தான் அதிகம். ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் கூட்டமாகப் போய்க் கூட்டமாக ஆடிவிட்டு வருவார்கள். அனுப்புங்கள். நீங்கள் விசாரிக்க வேண்டியது டான்ஸுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தை: யார் வீடு, அந்த வீட்டுப் பெரியவர்கள் இருப்பார்களா, யார் வண்டி ஓட்டுகிறார்கள். டெக்சாஸில் 18 வயது ஆகாதவரின் உரிமத்தில் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பொதுவாக ஓட்டக் கூடாது, குடும்பத்தைச் சேராத 21 வயதுக்குட்பட்டவர் ஒருவருக்கு மேல் ஏற்றவும் கூடாது. பதினாறு வயதுப் பையன் ஓட்டும் டிரக்கில் ஐந்து பேர் ஏறுவதாகச் சொன்னால் அதற்கு மட்டும் தயங்காமல் மறுத்துவிடுங்கள், நானே கூட்டிப்போய்க் கூட்டி வருகிறேன் என்று சொல்லுங்கள். பெரிய வண்டி இருந்தால் மற்றப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளுங்கள். பின் இருக்கைப் பேச்சிலிருந்து மகளின் பள்ளி வாழ்க்கை பாதி தெரிந்துவிடும்.

செலவைக் கூட்டிப் பார்த்தால், மம் வீட்டில் செய்து, டிரெஸ் ஏற்கெனவே இருப்பதையோ இரவல் வாங்கியதையோ போட்டால், டி-ஷர்ட், டிக்கெட், தின்பண்டம் எல்லாம் சேர்த்து நடுத்தரக் குடும்பம் கலங்காமல் சமாளிக்கலாம். டிரெஸ்ஸை ஊர் அம்மாக்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நவராத்திரி. கொலுவைக் குறைக்காதீர்கள். வழக்கம்போல வையுங்கள். வெற்றிலை பாக்குக்கு இந்த வருஷம் மம் மேஜையில் உட்கார்ந்த பெண்களையும் கன்செஷனில் கூட நின்றவர்களையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழையுங்கள். சுண்டலில் மிளகாய் குறைவாக. வெள்ளிக்கிழமை மட்டும் பூஜையை 5 மணிக்கே முடித்துவிடுங்கள். ஆட்டம் 7 அல்லது 7.30-க்குத் தொடங்கும், ஆனால் ஹோம்கமிங் அன்று 6 மணிக்கு மேல் போனால் மைதானத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. கன்செஷனில் முதல் ஷிப்டுக்குப் பெயர் கொடுத்திருந்தால் அதற்கும் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும்.